எக்ஸாஸ்ட் ஃபேனைத் தானாக ஓட வைப்பது: சென்சாரில் தொடங்கி வயரிங்கில் முடியும் முழுமையான வழிகாட்டி

சென்னையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே எங்கள் வீடு. படுக்கையறையோடு ஒட்டிய குளியலறை, அதன் வென்டிலேட்டரில் ஒரு 6 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன். அந்த ஒரு ஃபேன் இரண்டு வேலை செய்ய வேண்டும் என்று நினைத்தேன். குளித்து முடித்ததும் ஆவியை வெளியே தள்ள வேண்டும். இரவில் வெளியே குளிர்ந்த பிறகு, பகல் முழுக்கக் காய்ந்த தளத்தின் சூட்டைப் படுக்கையறையிலிருந்து இழுத்து விட வேண்டும்.

இதை என் வீட்டில் செய்து முடித்த பிறகு நண்பர்கள் சிலர் வீட்டிலும் கூட இருந்து பார்த்தேன். எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். கடையிலிருந்து வந்த அன்றே ரிலேயை (போர்டு சொன்னபடி கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) ஃபேனோடு இணைத்து, "ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினால் ஓடு" என்று ஒரு வரி எழுதி விடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக் காற்றே 80, 90 சதவீதத்தில் நிற்கும். அப்போது ஃபேன் நிற்கவே நிற்காது. வீட்டில் யாராவது சலித்துப்போய் சுவிட்சை அணைத்து விடுவார்கள், கதை முடிந்தது.

அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். சென்சார் முதலில், ஃபேன் கடைசியில். இடையில் ஒரு வாரம் வெறுமனே எண்களைப் பார்க்கும் வேலை. அந்த ஒரு வாரத்தைத் தாண்டிக் குதிக்க நினைப்பவர்கள்தான் பிறகு மாதக்கணக்கில் எண்ணை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

1. எந்த ஃபேனைத் தொடக் கூடாது

சமையலறை ஃபேனைத் தானியங்கியாக்க வேண்டாம். கேஸ் கசியும் வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் போடாதே, அணைக்காதே என்று எல்லோருக்கும் சொல்லித் தருகிறோம். நாம் தொடாமல் இருப்போம். ஆனால் ரிலேக்கு வாசனை தெரியாது. வெப்பநிலை கொஞ்சம் ஏறியதும் அது தானாகத் தட்டும், தட்டும்போது அதன் தொடுமுனையில் சிறு பொறி வரும். அந்தப் பொறியே போதும். சமையலறையில் கை சுவிட்சே இருக்கட்டும்.

குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தாலும் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். ஃபேன் காற்றை வெளியே இழுக்கும்போது அறைக்குள் அழுத்தம் குறையும். புகைக்குழாய் வழியாக மேலே போக வேண்டிய புகை அறைக்குள் திரும்பலாம். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கீசரை வெளியே மாற்றுங்கள், அல்லது கரண்ட் கீசர் வையுங்கள். அதற்குப் பிறகு இங்கே வாருங்கள்.

2. காற்று உள்ளே வர வழி இருக்கிறதா

ஃபேன் தள்ளும் அளவுக்குக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். வழி இல்லையென்றால் ஃபேன் சும்மா இரைச்சல் போடும், ஆவி அங்கேயே நிற்கும்.

குளியலறைக் கதவைச் சாத்தி ஃபேனைப் போடுங்கள். கதவின் அடிப்பக்க இடுக்கில் ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடியுங்கள். அது உள்ளே நோக்கிப் படபடவென்று அடிக்க வேண்டும். அசையாமல் தொங்கினால் இடுக்கு போதவில்லை. தச்சரை வைத்து அடியில் ஒரு 2 சென்டிமீட்டர் சீவலாம், அல்லது கதவின் கீழ்ப்பாதியில் ஒரு காற்று ஜாலி போடலாம்.

அப்புறம் ஃபேனின் வெளிப்பக்க ஷட்டரைப் பாருங்கள். பல வீடுகளில் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து இறக்கைகள் பாதி மட்டும் திறக்கும். கழுவினாலே பெரிய வித்தியாசம் தெரியும். பெட்டியில் போட்டிருக்கும் காற்றளவு தடையே இல்லாத நிலைக்கானது. வலை, ஷட்டர், குறுகிய டக்ட் எல்லாம் சேர்ந்தால் கையில் கிடைப்பது அதைவிடக் குறைவுதான். 5-க்கு 8 அடி குளியலறை, 9 அடி உயரம் என்றால் சுமார் 10 கன மீட்டர் காற்று. மணிக்கு 100 கன மீட்டர் உண்மையாக வெளியே போனாலே போதும், 6 அங்குல ஃபேன் தாராளம்.

3. வாங்க வேண்டியவை

இஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள சின்னக் கணினிப் போர்டு) இரண்டு. ஒன்று வீட்டுக்குள், ஒன்று பால்கனிக்கு. வெளியே இருக்கும் சென்சாருக்கு உள்ளிருந்து நீள வயர் இழுத்தால் போதாதா என்று கேட்பார்கள். இந்த சென்சார்கள் பேசும் ஐ2சி முறை நீள வயருக்கானது அல்ல. ஒரு மீட்டர் வரை நிம்மதி. அதற்கு மேல் போகப் போக, ஃபேன் ஓடும் நேரத்தில் அளவு விட்டு விட்டு வரும்.

சென்சார் மூன்று: குளியலறைக்கு, படுக்கையறைக்கு, வெளியே. மூன்றும் ஒரே வகையாக இருக்கட்டும், எஸ்எச்டி31 என் தேர்வு. ஈரப்பதத்தில் சுமார் 2 சதவீதம் முன்னே பின்னே காட்டும். இதில் 44, 45 என்று இரண்டு முகவரிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், அதனால் ஒரே போர்டில் இரண்டு சென்சாரை மாட்டலாம். நீல நிற டிஎச்டி11-ஐ வாங்கவே வேண்டாம். அதன் பிழை 5 சதவீதம், 2 டிகிரி. நாம் முடிவெடுக்கப் போகும் வித்தியாசங்களே அந்த அளவுக்குள்தான் இருக்கும். கையில் ஏற்கெனவே டிஎச்டி22 இருந்தால் அதை வைத்துத் தொடங்கலாம், ஆனால் குளியலறையில் அது சீக்கிரம் தடுமாறும்.

ஒரு சேனல் ரிலே போர்டு ஒன்று, நல்ல 5 வோல்ட் மொபைல் சார்ஜர் இரண்டு, மூடியுள்ள பிவிசி பெட்டி, 275 வோல்ட் ஏசிக்கான எக்ஸ்2 வகை ஸ்னப்பர் (மோட்டார் அணையும்போது எழும் அதிர்வை விழுங்கும் சிறு பாகம்) ஒன்று, ஜன்னலுக்கு ஒரு காந்த சுவிட்ச், ஒரு டூ-வே சுவிட்ச். சோதனைக்கு ஒரு ஜீரோ வாட் பல்பும் ஹோல்டரும். இந்தப் பல்பைத்தான் எல்லோரும் விட்டு விடுகிறார்கள், 10-ஆம் படியில் தேவைப்படும்.

மென்பொருளுக்கு ஈஎஸ்பி ஹோம், கூடவே ஹோம் அசிஸ்டன்ட். முன்னது போர்டுக்குள் விதிகளை எழுத, பின்னது வீட்டுக் கருவிகளை ஒரே இடத்தில் பார்க்க. வரைபடம் பார்க்க ஹோம் அசிஸ்டன்ட் வசதி. ஆனால் ஃபேனை ஓட்டும் முடிவு இஎஸ்பி32 போர்டுக்குள்ளேயே நடக்க வேண்டும். ரவுட்டர் படுத்துவிட்ட நாளில் குளியலறை ஆவியில் மூழ்கக் கூடாது.

4. உப்பு டப்பா சோதனை

இதற்கு ஒரு ராத்திரி போதும்.

மூன்று சென்சாரும் தனித்தனியே சரியாக இருந்தாலும், ஒன்று 2 சதவீதம் கூட்டியும் இன்னொன்று 2 சதவீதம் குறைத்தும் காட்டலாம். 30 டிகிரியில் 1 சதவீதம் என்பது ஒரு கன மீட்டருக்கு 0.3 கிராம் நீர். 4 சதவீத வேறுபாடு என்றால் 1.2 கிராம். நாம் 1 கிராம், 2 கிராம் வித்தியாசத்தில்தான் ஃபேனைப் போடவும் நிறுத்தவும் போகிறோம். ஒத்துப் பார்க்காத சென்சார் வைத்தால் முடிவு எடுப்பது காற்று அல்ல, சென்சாரின் பிழை.

காற்றுப் புகாத டப்பா ஒன்றை எடுங்கள். ஒரு பாட்டில் மூடியில் சாதாரண சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்கு வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். உப்பு முழுக்கக் கரையக் கூடாது, மேலே தண்ணீர் தேங்கவும் கூடாது. மூடியை டப்பாவுக்குள் வைத்து, மூன்று சென்சாரையும் உப்பு படாமல் பக்கத்தில் வைத்து, வயர் வரும் இடத்தை டேப் போட்டு அடைத்து விடுங்கள். போர்டு வெளியே இருக்கட்டும், அதன் சூடு உள்ளே போகக் கூடாது.

ஈர உப்புக்கு மேலே இருக்கும் காற்று, நம் அறை வெப்பநிலைகளில் 75 சதவீத ஈரப்பதத்தில் வந்து நிற்கும். இது உப்பின் இயல்பு, 25 டிகிரியிலும் 30 டிகிரியிலும் அநேகமாக மாறாது. இரவு வைத்து விட்டு காலையில் பாருங்கள். ஒன்று 77.4 என்றால் அதற்குக் கழிக்க வேண்டியது 2.4. இன்னொன்று 73.9 என்றால் கூட்ட வேண்டியது 1.1. இந்தத் திருத்தங்களை ஒவ்வொரு சென்சாரின் அமைப்பிலும் எழுதி விடுங்கள். எந்தச் சென்சாருக்கு எந்தத் திருத்தம் என்று அதன் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

இரண்டு மணி நேரத்தில் எடுத்துப் பார்ப்பதுதான் இதில் வழக்கமான தவறு. டப்பா பெரிதாக இருந்தால் 8 மணி நேரம் கூட ஆகும்.

5. சென்சாரை எங்கே வைப்பது

குளியலறை சென்சார்: கதவுக்கு மேலே, கூரையிலிருந்து ஒரு சாண் கீழே, ஷவர் தெறிக்காத பக்கம். ஆவி மேலேதான் முதலில் சேரும். ஃபேனுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஃபேன் நிற்கும் நேரத்தில் ஷட்டர் வழியாகக் கசிந்து வரும் வெளிக்காற்றை அது அளந்துகொண்டிருக்கும்.

இந்த சென்சாரின் வயர் மட்டும்தான் குளியலறைக்குள் போக வேண்டும். போர்டு, சார்ஜர், ரிலே எல்லாம் படுக்கையறைப் பக்கம், கதவுக்கு மேலே லாஃப்டில். ஈரக் கையோடு இருக்கும் இடத்தில் 3.3 வோல்ட்டுக்கு மேல் எதுவும் புதிதாக வேண்டாம்.

படுக்கையறை சென்சார்: நின்றால் நெஞ்சு உயரம், வெளிச் சுவரில் வேண்டாம், ஏசி காற்று நேராகப் படும் இடமும் வேண்டாம். போர்டு இருக்கும் பெட்டிக்குள்ளேயே சென்சாரை வைத்து மூடுவது பரவலாகப் பார்க்கும் தவறு. போர்டின் சூட்டில் 30 டிகிரி அறை 32 என்று காட்டும். கூடவே 80 சதவீதம் 71 ஆகத் தெரியும். லாஃப்டில் இருக்கும் பெட்டியிலிருந்து வயரை இறக்கி, சென்சாரை நெஞ்சு உயரத்தில் தொங்க விடுங்கள். சூடு மேலேதான் போகும்.

வெளி சென்சார்: நாள் முழுக்க வெயில் படாத இடம், வடக்குப் பக்க சன்ஷேடுக்குக் கீழே என்றால் நல்லது. சின்ன பிளாஸ்டிக் தட்டுகள் மூன்று நான்கைக் கவிழ்த்து, இடையில் விரல் கனம் இடைவெளி விட்டு அடுக்கி, நடுவில் சென்சாரைத் தொங்க விடலாம். மழை படாது, காற்று போகும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஊதும் பக்கமும் ஏசி அவுட்டோர் யூனிட் பக்கமும் வேண்டவே வேண்டாம். ஒரு நண்பர் வீட்டில் துணி காயும் கொடிக்கு நேர் பின்னால் வைத்திருந்தார்கள். தினமும் காலை 9 மணிக்கு "வெளியே" ஈரப்பதம் எகிறியது, மாலையில் இறங்கியது. எல்லாம் அவர்கள் துவைத்த துணியின் ஈரம்.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் சாலிடர் புள்ளிகளில் நகப்பூச்சைத் தடவி வையுங்கள், உப்புக் காற்றில் பச்சை பிடிக்காது. சென்சாரின் நடுவில் இருக்கும் சின்னத் துளையில் மட்டும் ஒரு துளி கூடப் படக் கூடாது. புது பெயின்ட், பசை, சிலிகான் வாடை அடங்கும் வரை சென்சாரை அந்த அறையில் மாட்டவும் வேண்டாம். அந்த ஆவி சென்சாருக்குள் புகுந்து அளவை நகர்த்தி விடும்.

6. ஒரு வாரம் சும்மா பாருங்கள்

மூன்று சென்சாரும் நிமிடத்துக்கு ஒரு முறை அளவு எடுக்கட்டும். ஃபேனை வழக்கம்போல் கையாலேயே போடுங்கள், அணையுங்கள். போடும் நேரத்தைச் சுவரில் ஒரு தாள் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள்.

வாரக் கடைசியில் வரைபடத்தில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். குளிக்கும்போது குளியலறை எவ்வளவு ஏறுகிறது, ஃபேன் போட்டால் எத்தனை நிமிடத்தில் இறங்குகிறது? இரவில் எத்தனை மணிக்கு வெளி வெப்பநிலை படுக்கையறையை விடக் கீழே போகிறது? யாரும் குளிக்காத, சமைக்காத மதிய நேரத்தில் உள்ளும் வெளியும் எவ்வளவு நெருங்கி வருகின்றன?

எங்கள் வீட்டில் இரண்டாவது கேள்விக்கு வந்த விடை எனக்குப் புதிது. மே மாதத்தில் இரவு 7 மணிக்கே வெளியே குளிர்ந்து விடுகிறது. படுக்கையறையோ மேல்தளம் சூட்டைக் கக்குவதால் 11 மணி வரை இறங்குவதே இல்லை. அந்த நாலு மணி நேரம்தான் ஃபேனுக்கு வேலை.

7. சதவீதத்தை விட்டு கிராமுக்கு வாருங்கள்

சென்சார் காட்டும் சதவீதம் ஒப்பு ஈரப்பதம். அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக் கூடிய நீரில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதை அது சொல்லும். சூடான காற்று அதிகம் தாங்கும். அதனால் வெவ்வேறு வெப்பநிலையில் இருக்கும் இரண்டு இடங்களின் சதவீதத்தை ஒப்பிடுவது, அளவு வேறான இரண்டு குடங்களை "அரைக் குடம், முக்கால் குடம்" என்று ஒப்பிடுவது போல. எதில் தண்ணீர் அதிகம் என்று அதிலிருந்து தெரியாது.

மழை விட்ட ஒரு மாலை. வெளியே 26 டிகிரி, 90 சதவீதம். படுக்கையறையில் 31 டிகிரி, 70 சதவீதம். சதவீதத்தைப் பார்ப்பவர் ஃபேனை நிறுத்தி விடுவார். கிராமில் பார்த்தால் வெளியே கன மீட்டருக்கு 21.9, உள்ளே 22.4. வெளிக்காற்றில் ஈரம் ஒரு துளி குறைவு, 5 டிகிரி குளிர்ச்சி வேறு. ஃபேன் ஓட வேண்டிய நேரமே அதுதான்.

இன்னொரு நாள் முற்பகல். வெளியே 34 டிகிரி, 65 சதவீதம். ஜன்னல் சாத்திய அறைக்குள் 29 டிகிரி, 75 சதவீதம். "வெளியே ஈரப்பதம் குறைவு" என்று ஃபேன் ஓடத் தொடங்கும். கிராமில் வெளியே 24.4, உள்ளே 21.5. சூட்டையும் ஈரத்தையும் சேர்த்தே உள்ளே இழுக்கிறோம்.

கணக்கு இதுதான். வெப்பநிலை வெ, ஒப்பு ஈரப்பதம் ஈ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவி அழுத்தம் = 6.112 × எக்ஸ்ப்(17.62 × வெ ÷ (243.12 + வெ)) × ஈ ÷ 100

கிராம் = 216.7 × ஆவி அழுத்தம் ÷ (273.15 + வெ)

எக்ஸ்ப் என்பது கால்குலேட்டரில் இருக்கும் e-யின் அடுக்கு.

ஈஎஸ்பி ஹோமில் இதற்கான பகுதி தயாராகவே இருக்கிறது, வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் கொடுத்தால் போதும். எழுதிய பிறகு ஒரு முறை 30 டிகிரி, 70 சதவீதத்துக்குச் சரிபாருங்கள். 21.2 வர வேண்டும். 2,000-க்கு மேல் வந்தால் 100-ஆல் வகுக்க மறந்திருப்பீர்கள், 0.2 என்று வந்தால் இரண்டு முறை வகுத்திருப்பீர்கள்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. பெட்டிச் சூட்டால் சென்சார் 2 டிகிரி கூடக் காட்டினாலும், சதவீதமும் அதற்கேற்ப இறங்கி விடுவதால், கிராம் கணக்கு அநேகமாக அப்படியே நிற்கும். காற்றில் இருக்கும் நீர் மாறவில்லை அல்லவா.

8. மூன்று விதிகள், இந்த முன்னுரிமையில்

முதல் விதி, குளியல் ஆவி. குளியலறைக்குள் நுழையும் காற்று படுக்கையறையிலிருந்து கதவிடுக்கு வழியாக வருகிறது. ஆகவே குளியலறையைப் படுக்கையறையோடு ஒப்பிட வேண்டும், வெளியோடு அல்ல. குளியலறையில் 3 கிராம் அதிகமானால் ஓடு, வித்தியாசம் 1 கிராமுக்குக் குறைந்தால் நில். வெந்நீரில் குளித்தால் 6, 7 கிராம் சுலபமாக ஏறும், அதனால் 3 என்பது கோட்டை விடாது. மழைக்காலத்திலும் இது தவறாது, ஏனெனில் ஊரே ஈரமாக இருந்தால் படுக்கையறையும் சேர்ந்தே ஏறியிருக்கும்.

இரண்டாவது, இரவுக் குளிர்ச்சி. படுக்கையறை 28 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், வெளியே அதைவிட 2 டிகிரி குறைவாக இருக்க வேண்டும், வெளிக்காற்றின் கிராம் உள்ளே இருப்பதை விட 2-க்கு மேல் கூடுதலாக இருக்கக் கூடாது. வித்தியாசம் 0.7 டிகிரிக்கு இறங்கினால் நில். ஜன்னல் திறந்திருந்தால் மட்டுமே இந்த விதி வேலை செய்ய வேண்டும், காந்த சுவிட்ச் அதற்குத்தான். ஜன்னல் சாத்தியிருந்தால் ஃபேன் சமையலறை, ஹால் காற்றைத்தான் இழுக்கும், படுக்கையறை குளிராது. ஏசி போடும்போது ஜன்னலைச் சாத்துவோம் என்பதால் ஏசிக்கும் இதுவே பூட்டு.

மூன்றாவது, தேங்கிய ஈரம். படுக்கையறையில் வெளியை விட 2 கிராம் அதிகமானால் ஓடு, 0.7-க்கு வந்தால் நில். உள்ளேயே துணி காயப்போடும் நாட்களில் இதுதான் பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை வராமல் காக்கும். இதற்கும் ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

ஓட ஒரு எண், நிற்க வேறொரு எண் என்பதைக் கவனியுங்கள். இரண்டுக்கும் 3 கிராம் என்று வைத்தால் அளவு 2.9-க்கும் 3.1-க்கும் இடையே ஆடும்போது ரிலே ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கும்.

நேரக் கட்டுப்பாடும் சேருங்கள். ஓடத் தொடங்கினால் குறைந்தது 10 நிமிடம். நின்றால் குறைந்தது 5 நிமிடம். குளியல் ஆவிக்கு அதிகபட்சம் 45 நிமிடம், ஜன்னல் சாத்தியிருந்தால் 20, ஏசி குளிர்ச்சி வீணாகக் கூடாது. ஈரத் துணியைக் குளியலறையில் தொங்க விட்டால் வித்தியாசம் 1 கிராமுக்கு இறங்கவே இறங்காது, அப்போது இந்த உச்ச வரம்புதான் காப்பாற்றும்.

9. அளவு வராவிட்டால் என்ன ஆகும்

இதை எழுதாமல் ஃபேனை இணைக்காதீர்கள். சென்சார் பழுதானால் போர்டுக்கு வருவது பூஜ்யம் அல்ல, "எண் இல்லை" என்ற ஒரு மதிப்பு. அதை எதோடு ஒப்பிட்டாலும் விடை "இல்லை" என்றுதான் வரும். ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது சென்சார் செத்தால், "வித்தியாசம் 1-க்குக் குறைந்ததா?" என்ற கேள்விக்கு ஆயுசுக்கும் "இல்லை". ஃபேன் நிற்காது.

அதனால் ஒவ்வொரு சுற்றிலும் முதல் கேள்வி "எண் வந்திருக்கிறதா" என்பதாக இருக்கட்டும். குளியலறை அல்லது படுக்கையறை அளவு இல்லையென்றால் ஃபேனை நிறுத்து. வெளி அளவு 10 நிமிடமாக வரவில்லையென்றால் இரண்டாம், மூன்றாம் விதிகளை மட்டும் விடு, குளியல் ஆவி விதி ஓடட்டும். பால்கனி போர்டின் கடைசி அளவையே பிடித்துக்கொண்டு, விடிந்த பிறகும் வெளியே 25 டிகிரி என்று நம்பி வெயிலை உள்ளே இழுத்த வீட்டைப் பார்த்திருக்கிறேன்.

ஈஎஸ்பி ஹோமில் இன்னொரு சிக்கல். வைஃபையோ ஹோம் அசிஸ்டன்டோ 15 நிமிடம் கிடைக்காவிட்டால் போர்டு தன்னைத்தானே அணைத்து மறுபடி தொடங்கும், அதுதான் அதன் இயல்பான அமைப்பு. ரவுட்டர் அணைந்த இரவில் எல்லா நேரக் கணக்கும் கால் மணிக்கு ஒரு முறை அழியும். அமைப்பில் வைஃபை, ஏபிஐ (ஹோம் அசிஸ்டன்டோடு பேசும் பகுதி) இரண்டு இடத்திலும் அந்த நேரத்தைப் பூஜ்யமாக்குங்கள். கரண்ட் போய் வந்தால் ரிலே அணைந்த நிலையில் தொடங்க வேண்டும் என்றும் எழுதுங்கள்.

10. ஃபேனுக்கு முன்னால் பல்பு

ரிலேயில் முதலில் ஜீரோ வாட் பல்பை மாட்டி இரண்டு நாள் ஓட விடுங்கள். எரிந்தால் ஃபேன் ஓடுகிறது என்று அர்த்தம், ஃபேனைக் கையால் போட்டு ஈடு கொடுங்கள்.

கடையில் கிடைக்கும் ரிலே போர்டுகளில் பெரும்பாலானவை சிக்னல் இறங்கினால்தான் இழுக்கும். அமைப்பில் அதைத் தலைகீழாக்க மறந்தால் ஓட வேண்டியபோது நிற்கும், நிற்க வேண்டியபோது ஓடும். பல்பில் அது உடனே தெரிந்து விடும்.

இன்னொன்று: 5 வோல்ட் ரிலேயை 3.3 வோல்ட் சிக்னலால் ஆட்டும்போது ரிலே இழுக்கும், ஆனால் விடாது. நிறுத்தும்போதும் 1.7 வோல்ட் மிச்சம் இருப்பதால் உள்ளே இருக்கும் ஆப்டோ (சிக்னலை ஒளியால் கடத்தும் பாகம்) மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும். போர்டில் ஜேடி-விசிசி ஜம்பர் இருந்தால் அதைக் கழற்றி, விசிசிக்கு 3.3, ஜேடி-விசிசிக்கு 5 வோல்ட் கொடுங்கள். சரியாகி விடும்.

ரிலேயின் சிக்னல் வயரைப் போர்டின் எந்த ஊசி முனையில் (ஜிபிஐஓ) மாட்டுவது? 25, 26, 27 பாதுகாப்பானவை. 34 முதல் 39 வரை உள்ளீட்டுக்கு மட்டும், ரிலேயை ஆட்ட முடியாது. 0, 2, 5, 12, 15 போர்டு தொடங்கும் நேரத்தில் வேறு வேலை செய்யும், அவற்றில் ரிலே மாட்டினால் கரண்ட் வரும்போதெல்லாம் ஒரு தட்டு தட்டும், சில நேரம் போர்டே தொடங்காது.

11. 230 வோல்ட் பக்கம்

பழக்கம் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அரை மணி நேர வேலை. கீழே உள்ளதை அவரிடம் காட்டினால் போதும்.

எம்சிபியை இறக்கி, டெஸ்டரால் பார்த்து, பிறகே கை வையுங்கள். ரிலே வர வேண்டியது ஃபேஸ் வயரில். நியூட்ரலில் மாட்டினால் ஃபேன் நிற்கும், ஆனால் மோட்டாரில் 230 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். ஃபேன் கழுவ ஏறியவர் ஷாக் வாங்குவார்.

பழைய சுவிட்சை எடுக்க வேண்டாம். ஃபேஸ் முதலில் அந்த சுவிட்சுக்கு வரட்டும், அதை அணைத்தால் எல்லாம் செத்துவிட வேண்டும். அங்கிருந்து இரண்டு வழி: ஒன்று ரிலே வழியாக, இன்னொன்று நேராக. இரண்டும் டூ-வே சுவிட்சின் இரு முனைகளில் சேர, நடு முனை ஃபேனுக்குப் போகும். மேலே தள்ளினால் ஆட்டோ, கீழே தள்ளினால் நேரடி ஓட்டம். வீட்டுப் பெரியவர்களுக்கு ஆப் தேவைப்படக் கூடாது, ஒரு சுவிட்ச் போதும். ரிலேயில் நடு முனையும், சாதாரணமாகத் திறந்திருக்கும் முனையும்தான் நமக்கு வேண்டியவை. போர்டு செத்தால் ஃபேன் நின்று விடும்.

ஸ்னப்பரை ஃபேனின் இரு வயர்களுக்குக் குறுக்கே மாட்டுங்கள். மோட்டார் அணையும்போது எழும் அதிர்வை அது விழுங்கும், இல்லாவிட்டால் அந்தத் தட்டலில் போர்டு அவ்வப்போது தானாக ரீஸ்டார்ட் ஆகும். ரிலே முனைகளுக்குக் குறுக்கே மாட்டினால் ரிலே திறந்திருக்கும்போதும் அதன் வழியாகக் கொஞ்சம் கரண்ட் கசியும். பிஎல்டிசி ஃபேன் என்றால் அந்தக் கசிவிலேயே விட்டு விட்டுத் துடிக்கும்.

பெட்டிக்குள் மெயின் வயரும் சென்சார் வயரும் ஒன்றோடொன்று தொடக் கூடாது, ஒரே துளை வழியாகவும் வரக் கூடாது. குளியலறை லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஃபேன் வேலையை விட அதுதான் முதலில்.

12. முதல் மாதத்தில் சரிசெய்வது

ஒரு நேரத்தில் ஒரே ஒரு எண்ணை மாற்றுங்கள், மாற்றினால் மூன்று நாள் விடுங்கள்.

யாரும் குளிக்காதபோது ஃபேன் ஓடினால் முதலில் எண்ணைத் தொடாதீர்கள், குளியலறையில் நனைந்த துண்டு, நிரம்பிய வாளி, ஒழுகும் குழாய் இருக்கிறதா பாருங்கள். குளித்து முடித்து 20 நிமிடம் ஆகியும் கண்ணாடியில் பனி போகவில்லையென்றால் கணக்கில் தவறில்லை, 2-ஆம் படிக்குத் திரும்பி டிஷ்யூ பேப்பரை எடுங்கள். இரவில் ஃபேன் சத்தம் தூக்கத்தைக் கெடுத்தால் 11 மணிக்கு மேல் இரண்டாம் விதிக்கு மட்டும் 2 டிகிரியை 3 ஆக்குங்கள்.

வருடத்துக்கு ஒரு முறை, புரட்டாசியில், மழை தொடங்கும் முன் மூன்று சென்சாரையும் கழற்றி மறுபடி உப்பு டப்பாவில் ஒரு ராத்திரி வையுங்கள். குளியலறை சென்சார்தான் அதிகம் நகர்ந்திருக்கும். திருத்தம் 5 சதவீதத்தைத் தாண்டினால் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம், புதிது மாட்டி விடுங்கள்.